தாதியின் காதில் விழுந்த ஸ்துதி

இன்னொரு சிகிச்சைக்கான நாளை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும் இந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். கழுத்தில் ஒரு கட்டியோடு ஆஸ்பத்திரி வாங்குகளில் உட்கார்ந்து காத்திருக்கும் பெண் யாராவது இதைப் படித்து, தனக்கு நேரப்போவது என்னவென்று சற்று முன்கூட்டியே அறிந்துகொண்டால் எனக்குப் போதும்.

கட்டியை முதலில் கண்டவள் கிருபா. என் கணவரின் ஒரே தங்கை. கடுகண்ணாவையில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்ப்பவள். என் கணவர் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளன்று, கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் நினைவு ஆராதனை முடிந்து, வந்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் வேளை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பைகளை எடுக்க நான் அண்ணாந்தபோது, அவள் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, எச்சில முழுங்குங்க."

"என்னது?"

"முழுங்குங்களேன், சொல்றேன்."

விழுங்கினேன். அவளுடைய முகம் மாறியது.

"கழுத்துல என்னமோ மேல போயிட்டு கீழ வருதுங்க."

விருந்தினர் போன பின் கண்ணாடி முன் நின்று மறுபடி விழுங்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில், தோலுக்கு அடியில், ஒரு பாக்கு அளவில் ஏதோ ஒன்று என் விருப்பத்தைக் கேளாமல் ஏறி இறங்கியது. சில வாரங்களாக என் குரல் கம்மியிருந்ததற்கு அழுகையையும் கண்டிக் குளிரையும் காரணமாகச் சொல்லி வந்தவள் நான். கண்ணாடி முன் நின்ற அந்தக் கணத்தில் அந்தக் காரணங்கள் இரண்டும் என்னை விட்டுப் போய்விட்டன.

குரல் என்பது எனக்கு என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். பாரிசவாதம் வந்து விழுந்த என் கணவர் தம் கடைசி வாரங்களை ஒரு சொல்லும் பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கழித்தார். மூளையில் பேச்சுக்குரிய பகுதிக்கு இரத்தம் போகவில்லை என்றார்கள். அவர் கண்கள் என்னைத் தொடர்ந்தன, உதடுகள் அசைந்தன, ஒலி மட்டும் வரவில்லை. மாலைதோறும் கட்டிலருகே கதிரையில் அமர்ந்து அவருக்கு வேதாகமத்தை உரக்க வாசித்தேன். அவர் போன பின்பும் வெறும் வீட்டில் அந்த வாசிப்பை நான் நிறுத்தவில்லை. வாசித்து முடித்ததும் ஜெபிக்க முனைவேன். அங்கே வந்து நின்றுவிடும். ஆனாலும் வாசிக்கும் வரையில் வீட்டில் ஒரு மனிதக் குரல் இருந்தது. அது போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவும் அஞ்சினேன்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் என்னையும் அனுப்பினார்கள். அதே மின்தூக்கி, கிருமிநாசினியும் ஈரச் சுவரும் கலந்த அதே வாசனை. அவர் இறந்த நோயாளர் விடுதியின் கதவைக் கடந்துதான் ஸ்கேன் அறைக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை. அவருடைய கட்டிலில் இப்போது யாரோ ஒருவர் படுத்திருக்கிறார் என்பது பாராமலே தெரிந்தது.

வைத்தியர் விளக்கினார். தைரொயிட் என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணாத்திப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒட்டியிருக்கும் சுரப்பி. உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. என்னுடையது கல்போல் இறுகியிருந்தது, குரலும் மாறியிருந்தது. அவ்விரண்டும் சேர்ந்து வருவது தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். ஒளிக்கருவி பொருத்திய மெல்லிய குழாயொன்றை மூக்கின் வழியே இறக்கிக் குரல்நாண்களைப் பார்த்தபோது, வலது நாண் நன்றாக அசைந்தது. இடது நாண் சோம்பிக் கிடந்தது.

"ஸ்தோத்திரம்," என்றாள் கிருபா, என் பின்னால்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடர முடியாது. எங்கள் ஆலயத்தில் நாங்கள் அடங்கிய குரலில் ஜெபிக்கிறவர்கள். கிருபாவோ கடுகண்ணாவையில் ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்தது முதல், மூச்சுக்கு மூச்சு கர்த்தரைத் துதிக்கப் பழகியிருந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம். பேக்கரியில் பாண் சூடாக இருந்தால் ஸ்தோத்திரம். பஸ் வராவிட்டாலும் "ஸ்துதி, ஸ்துதி" என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்பாள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் தன் அண்ணனின் மூச்சு நின்ற வேளையில், நான் அவருடைய கையைப் பிடித்திருந்தபோது, கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் அதே சொல்லைச் சொன்னாள். அன்று எனக்குள் ஏதோ இறுகிப்போனது. அவளோடு பேசினேன், சாப்பிட்டேன், நினைவு ஆராதனைக்கு அழைத்தேன். அந்த இறுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. நன்றி சொல்வதென்றால் நடந்ததைச் சரியென்று ஒப்புக்கொள்வது என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் என் ஜெபமும் வாசிப்போடு நின்றுபோயிற்று.

அடுத்தது ஊசிப் பரிசோதனை. ஸ்கேன் திரையில் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில கலங்களை உறிஞ்சியெடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். மரப்பு மருந்து எப்போதும் கொடுப்பதில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்தார்கள். கூரையில் ஈரம் படர்ந்த ஒரு கறை தவிர எதுவும் தெரியவில்லை. கிருபா வெளியே நின்றாள். அன்று காலையில் பஸ் ஏறியது முதல் அவள் என் காதருகே சொல்லிக்கொண்டு வந்த "ஸ்துதி, ஸ்துதி" என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி இறங்கியது. அதை உள்ளே முன்னும் பின்னும் அசைத்தார்கள். கட்டியை யாரோ உள்ளிருந்து கிள்ளுவது போலிருந்தது. வெளியே எடுத்ததும், அடக்கியிருந்த மூச்சோடு என் வாயிலிருந்து வந்தது அவளுடைய சொல்:

"ஸ்துதி… ஸ்துதி."

என் தலைமாட்டில் நின்றிருந்த தாதி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நடுத்தர வயதுச் சிங்களப் பெண். அவருடைய மொழியில் நன்றி என்பதற்கு அநேகமாக இதே சொல்தான்.

"அய்யோ அம்மே, ஏன் ஸ்தூதி சொல்றது? நான் புடிச்சி, டொக்டர் குத்தி, அதுக்கு ஸ்தூதியா?" என்றார் உடைந்த தமிழில். பிறகு வைத்தியரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவரும் முகக்கவசத்துக்குள் சிரித்தார்.

உங்களுக்குச் சொல்லவில்லை, கடவுளுக்கும் நான் சொல்லவில்லை, அது என் நாத்தனாரின் பழக்கம், என்று விளக்க வாயெடுத்தேன்.

"பேசக் கூடாது. விழுங்கவும் கூடாது. இன்னும் இருக்கிறது," என்றார் வைத்தியர்.

ஆகவே தவறைத் திருத்த வழியின்றிக் கிடந்தேன். அடுத்த ஊசி இறங்கியபோது தாதி என் கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்யவில்லை. ஊசி அசைந்த நேரம் முழுவதும் அவருடைய பெருவிரல் என் புறங்கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. நான் கொடுக்காத ஒன்றை அவர் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்கு ஈடாக எனக்கொரு கையைத் தந்தார். யாரும் அந்த ஊசியைச் சரியென்று ஒப்புக்கொள்ளவில்லை. வலி வலியாகவே இருந்தது. எழுந்து உட்கார வைத்த பின், அவருக்குப் புரியும்படி, முழு மனத்தோடு மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அது அவருக்கேயான ஸ்தூதி.

வெளியே வந்து கிருபாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அப்போ நான் காலையில இருந்து ஆஸ்பத்திரி முழுக்க தேங்க்ஸ் சொல்லிக்கிட்டா திரிஞ்சேன்? அதானே பார்த்தேன்! லிஃப்டுல நின்ன அந்த ஆளு என்னயப் பார்த்து தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. கிறுக்கோன்னு நெனைச்சேன் அண்ணி."

"அவர் உன்னைப் பத்தி என்ன நெனைச்சாரோ."

நீண்ட காலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பரிசோதனை முடிவு சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. புற்றுநோய். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு ஒரு நூல் கனம்தான். சுரப்பியின் முதுகோடு ஒட்டிச் செல்கிறது. இடது நாண் சோம்பியிருப்பதால், கட்டி அந்த நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். தொட்டிருந்தால் பிரித்தெடுப்பார்கள். சுற்றி வளைத்திருந்தால் வெட்ட வேண்டி வரலாம்.

"திறந்து பார்க்கும் வரை எனக்கும் தெரியாது," என்றார். நேர்மையான மனிதர். அந்த நேர்மை அன்று எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. சம்மதக் கையொப்பம் இட்டேன்.

விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த பரீதா இருந்தார். பித்தப்பையை எடுத்த தையலோடு தேறிக்கொண்டிருந்தவர். காலைப் பாணோடு அவருடைய பேச்சு தொடங்கும்.

"எண்ட மகள் சூப் கொண்டு வந்தீக்கி, கொஞ்சம் குடிங்க. நாளைக்கு நீங்க வெறும் வயிறு. என்னத்துக்கு யோசிக்கிற? அல்லா ஈக்கான்."

நான் தலையசைத்துக் குடித்தேன். மிளகு தூக்கலாக இருந்தது. இறங்கும் ஒவ்வொரு மிடறும் கட்டியைத் தொட்டுக்கொண்டு போனது.

சத்திரசிகிச்சை அன்று அதிகாலையிலேயே கிருபா வந்துவிட்டாள். தியேட்டருக்குப் போகும் பெண்களின் தலைமயிரை இரட்டைப் பின்னலாகப் பின்ன வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூந்தல் கழுத்துக்கு வராமல் இருபுறமும் ஒதுங்கி நிற்கும். என் நரைத்த கூந்தலை இரண்டாகப் பிரித்து, கட்டிலில் எனக்குப் பின்னால் அமர்ந்து அவள் பின்னினாள்.

"ரிப்பன் மட்டும்தான் கொறை. பாக்கு முழுங்குன பள்ளிக்கூடப் புள்ள மாதிரி இருக்கீங்க."

"கிருபா."

"ம்?"

"உங்க அண்ணன் போனப்போ, நீ ஏன் அப்படிச் சொன்னே?"

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவும் மாட்டேன்.

"தெரியலங்க அண்ணி. கத்தணும்னுதான் வாயத் தொறந்தேன். கத்துனா நீங்க ஒடஞ்சி போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சு. வேற ஒண்ணும் வரல, அதுதான் வந்துச்சு." பின்னலை மறுபடி தொடர்ந்தபடி, "நீங்க கோவிச்சிக்கிட்டீங்கன்னு தெரியும்," என்றாள்.

என் தோளில் இருந்த பின்னலோடு அவளுடைய கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தள்ளுவண்டி வரும் வரை அப்படியே இருந்தோம்.

தியேட்டர் வாசலில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கடந்தன. அங்கே நான் ஜெபித்தது உண்மை. என் கணவரை எடுத்துக்கொண்டதற்காக உமக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது, நீரும் அதைக் கேட்கவில்லை என்று இப்போது நம்புகிறேன்; அவர் கிடந்த நாட்களில் நீர் அந்த அறையில் இருந்ததற்கு நன்றி; இந்த அறையிலும் இரும், என்றேன். கடைசியாக உரத்துச் சொன்னவை அந்தச் சொற்களே. முகமூடியை வைத்தார்கள்.

விழித்தபோது கழுத்தைச் சுற்றி இறுக்கமான கட்டும், அதிலிருந்து ஒரு குழாயும் இருந்தன. கட்டில் மேசையில், துணியால் மூடிய ஒரு சிறு தட்டு. உள்ளே இரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை நெருக்கினால், தாமதிக்காமல் தையலைத் திறந்துவிடுவதற்கான கருவிகள் அதில் இருந்தன என்று பிற்பாடு அறிந்தேன். தாதிகள் அதை அடிக்கடி பார்த்துவிட்டுப் போனார்கள், நானும் பார்த்தேன். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முயன்றேன். காற்று வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் காற்றுதான்.

அன்று மாலை உதடுகளைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது; பிறகு விரல்கள் தாமாக மடங்கின. தைரொயிட்டின் பின்னால் நெல்மணி அளவில் வேறு சுரப்பிகள் உண்டு; அவை இரத்தத்தில் கல்சியத்தைச் சமநிலையில் வைப்பவை. சத்திரசிகிச்சையில் அவை அதிர்ந்துவிட்டால் கல்சியம் குறைந்து தசைகள் இழுக்கும். எனக்கு அது அப்போது தெரியாது. பாரிசவாதம் என்றே நினைத்தேன். அவரைப் போலவே ஒலியின்றி, கை மடங்கி, அதே கட்டிடத்தில். அழைக்கவும் குரல் இல்லை.

பரீதாதான் கண்டார். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்தபடி எழுந்து நின்று, "மிஸ்! மிஸ்! இந்த அம்மாட கை ஒரு மாதிரி ஈக்கி, ஓடி வாங்க!" என்று விடுதியே அதிரக் கத்தினார். ஓடி வந்தார்கள். நாளத்தின் வழியே கல்சியம் இறங்கியதும், விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"நீங்க பேசாட்டிப் பரவால்ல," என்றார் பரீதா, தம் கட்டிலில் மெல்லச் சாய்ந்துகொண்டே. "எண்ட ஊட்ட நான் பேசினா கேக்க ஒருத்தரும் இல்ல. இப்பதான் ஓடிப் போகாத ஆளொண்டு கிடைச்சீக்கி."

சிரித்தால் கழுத்து வலித்தது, சிரித்தேன். அதன் பின் வந்த நாட்களில் என்னிடம் வேறு வேலை இல்லை. கேட்பதற்கும் முறையிடுவதற்கும் குரல் வேண்டும் என்று எண்ணிப் பழகியவள், உள்ளுக்குள் ஒவ்வொருவராக எடுத்து நினைத்தேன். கையைத் தடவிய தாதி. மிளகு போட்ட சூப். தையல் வலிக்க எழுந்து நின்ற பெண். என்னை உடைக்காமலிருக்கத் தன் அலறலை விழுங்கிய நாத்தனார். இவர்கள் ஒருவரையும் நான் சம்பாதிக்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். துணியால் மூடிய அந்தத் தட்டு அங்கேயேதான் இருந்தது. அதன் பக்கத்தில் அமைதியும் வந்து உட்கார இடமிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

வெட்டியெடுத்ததை ஆய்ந்த முடிவு வந்த நாளில், கிருபாவும் நானும் கிளினிக்குக்குப் போனோம். நிபுணர் எங்களை உட்காரச் சொன்னார். புற்று சுரப்பியை விட்டு வெளியேறி, கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் சிலவற்றுக்கும் பரவியிருந்தது. கதிரியக்க அயடின் கொடுக்க வேண்டும். தைரொயிட் கலங்கள் எங்கே ஒளிந்திருந்தாலும் அயடினைத் தேடி உறிஞ்சும், உறிஞ்சியதும் அழியும். அதற்காகச் சில நாட்கள் யாரும் நெருங்காமல் ஓர் அறையில் தனித்திருக்க வேண்டும். பலருக்கு இது நன்றாகப் பலித்திருக்கிறது, ஆனால் வாக்குறுதி தர மாட்டேன் என்றார். இடது நரம்பை, கட்டி சுற்றி வளைத்திருந்தது. வெட்ட வேண்டியதாயிற்று. மற்ற நாண் காலப்போக்கில் ஈடுகொடுத்தால் ஏதோ ஒரு குரல் வரலாம். பழைய குரல் வராது.

அயடின் கொடுக்கும் திகதி எழுதிய துண்டுச் சீட்டைப் பெற்றுக்கொள்ள, பெயர் கூப்பிடும் வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடையில் வாங்குகளும் கதிரைகளும் நிறைந்திருந்தன. ஒரு மூலையில் இடம் பிடித்து அமர்ந்தோம். கிருபா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அவள் தன் கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு வரலங்க அண்ணி," என்றாள் கடைசியில். "எல்லாத்துக்கும் சொன்னேன். இதுக்கு வாய் வரல. இதுக்கும் சொல்லணும்னு கர்த்தரு எதிர்பார்த்தா, பார்க்கட்டும். நான் சொல்ல மாட்டேன்." பிறகு கைப்பையின் மேல் முகத்தைக் கவிழ்த்து, அத்தனை பேர் நடுவில், தன் அண்ணனுக்காக அழாததையும் சேர்த்து அழுதாள்.

நான் அவளைத் தேற்றவில்லை. தேற்றக் குரலும் இல்லை. அவளுக்குப் பதிலாக அந்தச் சொல்லை என் உதடுகளும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கேட்கப்படுகிறோம் என்று அப்போது எனக்கு உறுதியாக இருந்தது. அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்வில் கொடியதொரு செய்தியைக் கேட்ட அந்த மணித்துளிகளில், என் உள்ளம் அசையாமல் நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"நானமனி!" கதவருகே நின்ற ஊழியர் என் பெயரைத் தம் நாவுக்கு வந்தபடி கூப்பிட்டார். ஞானமணி என்பது என் பெயர். பதில் வராவிட்டால் துண்டு அடுக்கின் அடிக்குப் போய்விடும். இவ்வளவு நாளும் எனக்காகப் பதில் கொடுத்தவள் கிருபா. அவள் தலை நிமிரவில்லை.

"நானமனி! நேத்த?" இல்லையா என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. கையை உயர்த்தினேன்; கூட்டத்தில் அவருக்குத் தெரியவில்லை. துண்டைக் கீழே செருகப் போனார். நான் எழுந்து நின்றேன்.

கிருபாவின் தலை நிமிர்ந்தது. மூக்கும் கண்ணும் ஒழுக, சிங்களம் மறந்து, நடை முழுவதும் கேட்கத் தமிழில் கத்தினாள்:

"இருக்காங்க! இருக்காங்க! இந்தா நிக்கிறாங்க!"

கதிரைகளில் இருந்தவர்கள் அனைவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.